கச்சேரி பியானிஸ்ட்: மேடையில் 80 நிமிடம், மீதி நேரம் எங்கே போகிறது?

#1 · மெட்ரோனோம்

கிரேடு 8 முடித்து, டிப்ளமாவும் வாங்கி, விரல் நன்றாக ஓடுகிற மாணவர்கள் அடுத்துக் கேட்பது ஒரே கேள்விதான்: "கச்சேரி பியானிஸ்ட் ஆக முடியுமா?" முடியுமா முடியாதா என்பது இருக்கட்டும். அந்த வேலை என்ன என்பதே பலருக்குத் தெரியவில்லை. மேடையில் ஒருவர் வருகிறார், வணங்குகிறார், வாசிக்கிறார், போகிறார். அதற்கு முன்னும் பின்னும் நடப்பதைப் பற்றித்தான் இந்த இழை.

ஒரே சமயத்தில் கையில் எத்தனை உருப்படி இருக்க வேண்டும்? ஊருக்கு ஊர் வேறு பியானோ என்பதை எப்படிச் சமாளிப்பது? போட்டியில் ஜெயிக்காமல் வழி உண்டா? காசு எங்கிருந்து வருகிறது? "உழைத்தால் உயரலாம்" வகைப் பதில்கள் வேண்டாம். அளவோடும் எண்ணோடும் சொல்லுங்கள்.

#2 · கறுப்புக்கட்டை

முதல் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு சீசனுக்கு அமைப்பாளர்களுக்கு அனுப்பும் பட்டியலில் வழக்கமாக இரண்டு தனிக்கச்சேரி நிரல்களும் ஐந்தாறு கன்சர்ட்டோக்களும் (ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசிக்கும் பெரிய உருப்படிகள்) இருக்கும். தனிக்கச்சேரி ஒன்றுக்கு 75 முதல் 80 நிமிட இசை, நடுவில் 20 நிமிட இடைவேளை. கன்சர்ட்டோ மொத்சார்ட் என்றால் 25-30 நிமிடம். ரஹ்மானினாஃபின் மூன்றாவது 40ஐத் தாண்டும். பிராம்ஸின் இரண்டாவதில் நான்கு மூவ்மெண்ட் (பகுதி), 50 நிமிடத்தைத் தொடும். கூட்டினால் ஆறு மணி நேரத்தை ஒட்டிய இசை ஒரே சமயத்தில் விரலில் இருக்க வேண்டும்.

இப்போது இன்னொரு எண். கவனம் சிதறாமல் பயிற்சி செய்ய ஒரு நாளில் கிடைப்பது நாலைந்து மணி நேரம். அதாவது கையில் இருப்பதை எல்லாம் ஒரு தடவை வாசித்துப் பார்க்கக்கூட ஒரு நாள் போதாது. பலர் தடுக்கி விழுவது இங்கேதான். மாணவப் பருவத்தில் ஒரு வருடம் முழுக்க ஒரே நிரலைத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிப் பழகிவிடுகிறார்கள். தொழிலில் அந்தச் சொகுசு கிடையாது.

அதனால் பழைய உருப்படிகளைச் சுழற்சியில் வைக்க வேண்டும்: ஒன்றுக்கு 20-30 நிமிடம், பாதி வேகத்தில், பெடல் இல்லாமல், சிக்கலான இடங்கள் மட்டும். முழுசாக ஓட்டிப் பார்ப்பது வாரம் ஒரு முறை போதும். சீசன் பட்டியலில் புதிய உருப்படி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் பழசும் கெடும், புதுசும் வேகாது.

புதிய கன்சர்ட்டோ ஏறும் வரிசையில் முதல் வாரம் கட்டைப் பக்கம் அதிகம் போகாமல், ஆர்கெஸ்ட்ரா ஸ்கோரை வைத்துப் படிப்பது. தனிவாத்தியப் பகுதியை மட்டும் படித்தால் ஓபோ எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும் என்று ஒத்திகையில்தான் தெரியவரும். பிறகு விரலெண், அதாவது எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்பது. அதை மெதுவான வேகத்தில் முடிவு செய்தால், முழு வேகத்தில் பாதி இடம் மாற்ற வேண்டியிருக்கும். ஒவ்வொரு பத்தியையும் நாலு சுரம் நாலு சுரமாக முழு வேகத்தில் வெட்டிப் பார்த்த பிறகே பென்சில் எடுக்க வேண்டும். பிறகு தனித்தனிக் கை, சேர்த்து, இரண்டாவது பியானோவில் ஒருவர் ஆர்கெஸ்ட்ரா பகுதியை வாசிக்க முழு ஓட்டம். இதன்பின் மூன்று நான்கு வாரம் அதைத் தொடாமல் ஊறப்போட வேண்டும். திரும்ப எடுக்கும்போது எங்கே ஓட்டை விழுந்திருக்கிறதோ அதுதான் உண்மையில் கற்காத இடம். சின்ன அரங்குகளில் இரண்டு மூன்று முறை வாசித்த பிறகே பெரிய மேடை.

ஆர்கெஸ்ட்ராக்கள் இரண்டு வருடம் முன்னதாகவே தேதி போடுகின்றன. இப்போது மனம் ஷூபர்ட்டில் இருக்கும். ஆனால் இரண்டு வருடத்துக்கு முன் ஒப்புக்கொண்ட சாய்காவ்ஸ்கியைத்தான் வாசிக்க வேண்டும்.

#3 · அரைமிதி

ஆறு மணி நேர இசையும் மனப்பாடமாகவா? ஸ்கோரை வைத்து வாசித்தால் என்ன குற்றம்? டேப்லெட்டும் புளூடூத் பெடலும் வந்த பிறகும் இந்த மனப்பாட வழக்கம் ஏன்?

#4 · கறுப்புக்கட்டை

குற்றம் ஒன்றும் இல்லை. மனப்பாடமாக வாசிப்பது சாஸ்திரம் அல்ல, 19ஆம் நூற்றாண்டில் வந்த பழக்கம். 1830களில் கிளாரா ஷூமன் (அப்போது வீக்) ஸ்கோர் இல்லாமல் வாசித்தபோது அதை அகம்பாவம் என்று கண்டித்தவர்கள் உண்டு. லிஸ்ட் 1840இல் லண்டனில் தன் தனிக்கச்சேரிக்கு 'ரெசிடல்' என்று பெயர் வைத்தார். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. பியானிஸ்ட் ரிக்டர் கடைசி ஆண்டுகளில் அரங்கை இருட்டாக்கி, ஸ்கோர் மேல் ஒரு சின்ன விளக்கு மட்டும் வைத்து வாசித்தார். யாரும் எழுந்து போகவில்லை.

ஆனாலும் போட்டிகளிலும் கன்சர்ட்டோ மேடையிலும் இன்னும் மனப்பாடத்தைத்தான் எதிர்பார்க்கிறார்கள். அதனால் அது எப்படி உடைகிறது என்று தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

பெரும்பாலும் உடைவது கஷ்டமான இடத்தில் இல்லை, பாதை பிரியும் இடத்தில். சொனாட்டாவில் ஒரே பொருள் (கரு மெட்டு) இரண்டு முறை வரும். முதல் முறை ஒரு சுருதிக்குத் திரும்பும், இரண்டாம் முறை வேறு சுருதிக்கு. விரல் மட்டும் ஓட்டிக்கொண்டு போனால் இரண்டாம் முறையும் முதல் திருப்பத்தையே எடுத்து, வட்டமடித்துக்கொண்டே இருக்கும். மொத்சார்ட்டின் கே. 545 சொனாட்டா குழந்தைகள் வாசிப்பதுதான். ஆனால் முதல் மூவ்மெண்டில் பொருள் திரும்பி வரும்போது சி மேஜரில் வராமல் எஃப் மேஜரில் வரும். அந்த ஒரு திருப்பத்தில் வழி தவறினால் போச்சு.

தற்காப்பு: உருப்படி முழுக்க 8 முதல் 16 பார்களுக்கு (தாள அளவுகளுக்கு) ஒரு நிலையம் வைத்து எண் கொடுப்பது. யாராவது "17" என்றால் உடனே அங்கிருந்து தொடங்க வேண்டும். பின்னோக்கியும், தாவித் தாவியும். இரண்டாவதாக, இடது கையை மட்டும் மனப்பாடமாக வாசிப்பது. இதில் தேறாதவரின் மனப்பாடம் வலது கையின் மெட்டில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஃபியூக் (பல குரல்கள் ஒரே மெட்டைத் துரத்தும் வடிவம்) என்றால் மூன்று குரலில் ஒன்றைப் பாடிக்கொண்டே மற்ற இரண்டை வாசிப்பது. மூன்றாவதாக, பாதிக்கும் குறைந்த வேகத்தில் ஒரு முறை. விரலின் ஞாபகம் வேகத்தை நம்பி நிற்பது. வேகத்தை எடுத்துவிட்டால் மூளைக்குத் தெரிந்தது மட்டும் மிஞ்சும்.

பியானிஸ்ட் மரியா ஜுவாவ் பிரெஸ் விஷயம் பலருக்குத் தெரிந்திருக்கும். ஆம்ஸ்டர்டாமில் கண்டக்டர் ஷைலியின் ஆர்கெஸ்ட்ரா தொடங்கியபோதுதான், தான் தயார் செய்து வந்த மொத்சார்ட் கன்சர்ட்டோ அது இல்லை, டி மைனர், கே. 466, என்று அவருக்குத் தெரிந்தது. தனிவாத்தியம் நுழைய இரண்டு நிமிடத்துக்கு மேல் இருக்கிறது. அந்த அவகாசத்தில் மனதைத் திரட்டி முழுசாக வாசித்தார். அற்புதம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அந்தக் கன்சர்ட்டோ அவர் கையில் ஏற்கெனவே ஊறியிருந்த ஒன்று. பழைய உருப்படியைச் சுழற்சியில் வையுங்கள் என்று சொன்னது இதற்காகத்தான்.

டேப்லெட் வைப்பவர்களுக்கு மூன்று வரி: ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு புளூடூத்தை மட்டும் தனியாக ஆன் செய்யுங்கள், திரைச் சுழற்சியைப் பூட்டுங்கள், புரட்டும் பெடல் வழுக்காமல் அடியில் ரப்பர் ஒட்டுங்கள். இடது பெடலை அடிக்கடி மிதிக்க வேண்டிய உருப்படி என்றால் பக்கம் புரட்டப் பக்கத்தில் ஆள் இருப்பதே மேல்.

#5 · சுத்தியல்

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். வயலின்காரர் தன் வயலினோடு வருவார். பியானிஸ்ட் வெறுங்கையோடு வந்து, முன்பின் தெரியாத 480 கிலோ யந்திரத்தோடு ஒன்றிரண்டு மணி நேரத்தில் சமாதானம் பேச வேண்டும்.

பெரிய அரங்குகளில் அதிகம் இருப்பது ஸ்டெய்ன்வே டி, நீளம் 274 செ.மீ. யமஹா சிஎஃப்எக்ஸ் 275. ஃபாசியோலி எஃப்308 பெயரிலேயே நீளம் இருக்கிறது. பூசன்டார்ஃபர் இம்பீரியல் 290. அதில் 88க்குப் பதில் 97 கட்டை. கூடுதல் ஒன்பதும் கீழ்ப்பக்கம், வெள்ளைக் கட்டைகளுக்கும் கறுப்பு பூசியிருக்கும். அந்த ஒன்பதை வாசிக்கவே மாட்டீர்கள், ஆனால் ஓரக்கண்ணுக்கு இடது ஓரம் தள்ளிப் போயிருக்கும். கீழ்ச் சுரத்துக்குத் தாவும்போது கை தப்பும். முதல் பத்து நிமிடம் இடது கைத் தாவலை மட்டும் வாசித்துக் கண்ணைப் பழக்க வேண்டும்.

புது பியானோவில் உட்கார்ந்ததும் பலர் செய்வது, கச்சேரியில் தொடக்கத்தில் வரும் உருப்படியைச் சத்தமாக வாசிப்பது. அதில் ஒன்றும் தெரியாது. செய்ய வேண்டியது வேறு. நடு எண்மத்தில் (ஆக்டேவில்) ஒரே கட்டையை மிக மெதுவாக, சத்தமே வராத அளவுக்கு அழுத்திப் பாருங்கள். சுத்தியல் விடுபடும் இடத்தில் ஒரு சிறு தடை தட்டும். கட்டை மொத்தமாக இறங்குவது சுமார் 10 மி.மீ. சுத்தியல் கம்பிக்கு 1-2 மி.மீ. அருகே வந்ததும் விடுபட வேண்டும். அதற்கும் முன்பே விடுபட்டால் பியானிஸிமோவில் (மிக மெல்ல வாசிக்கும் இடத்தில்) சுரம் விழுங்கப்படும். அடுத்து ஒரே கட்டையை 3-2-1 விரலில் வேகமாகத் திருப்பித் திருப்பி. அடுத்து வலது பெடலை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக இறக்கி, டாம்பர் (கம்பியின் ஒலியை அடக்கும் கம்பளித் துண்டு) எந்த ஆழத்தில் கம்பியை விட ஆரம்பிக்கிறது என்று பார்ப்பது. அரைப் பெடல் எல்லாம் அந்த இடத்தைப் பொறுத்ததுதான். இடது பெடலை மிதித்தால் நிறம் மாறுகிறதா, சத்தம் மட்டும் குறைகிறதா என்று கேளுங்கள். கடைசியாக, மேல் ஒன்றரை எண்மத்துக்கு டாம்பரே கிடையாது, அங்கே ஒலி அரங்கில் எவ்வளவு நிற்கிறது என்பதையும்.

கச்சேரி நாளில் டெக்னீஷியனிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது? பெடல் கிறீச்சிடுவது, ஒரு கட்டை மட்டும் மந்தமாக இருப்பது, ஒரு சுரம் மட்டும் தகரம் மாதிரி ஒலிப்பது, டாம்பர் இரைச்சல் எல்லாம் ஒரு மணி நேரத்தில் தீரும். "மொத்த பியானோவும் கனமாக இருக்கிறது, லேசாக்குங்கள்" என்றால் அது பல நாள் வேலை. கட்டையை இறக்கும் எடை சுமார் 50 கிராம்; அதை மாற்ற உராய்வையும் ஈயத்தையும் தொட வேண்டும். "பிரகாசம் அதிகம், குறையுங்கள்" என்பதைச் சொல்லும் முன் இரண்டு முறை யோசியுங்கள். சுத்தியல் கம்பளியில் ஊசி குத்தி மென்மையாக்கலாம். குத்தியதை அன்றைக்கே திரும்ப எடுக்க முடியாது. மறுநாள் வாசிக்க வருபவர் ஏமாந்து நிற்பார். காலி அரங்கில் கூசும் ஒலி, ஆட்கள் நிறைந்ததும் உடுப்புகளில் உறிஞ்சப்பட்டுப் பாதி அடங்கிவிடும் என்பதும் ஒரு காரணம்.

சுருதி. ஐரோப்பிய ஆர்கெஸ்ட்ராக்கள் பலவும் ஏ 442 ஹெர்ட்ஸ். தனிக்கச்சேரிக்காக 440இல் சேர்த்து வைத்த பியானோவை அன்றைக்கே 442க்கு ஏற்றச் சொல்வார்கள். இரண்டு ஹெர்ட்ஸ்தானே என்று தோன்றும். இருநூற்றுச் சொச்சம் கம்பிகளின் மொத்த இழுவிசை 20 டன்னை ஒட்டியது. சுருதியின் வர்க்கத்தோடு இழுவிசை ஏறும், ஆக 0.9 சதவீதம், ஏறக்குறைய 180 கிலோ கூடுதல் பாரம். பலகையும் சட்டமும் அதைத் தாங்கி நிலைகொள்ள நாள் பிடிக்கும். அன்றைக்கே ஏற்றினால் இடைவேளைக்குள் கலைந்துவிடும். இது டெக்னீஷியனின் கைத்திறமைக் குறைவில்லை. தேதி போடும்போதே சுருதியை எழுத்தில் கேட்டு வாங்காத அலுவலகத்தின் தவறு.

#6 · மெட்ரோனோம்

சொந்த பியானோவைக் கூடவே கொண்டுபோகிறவர்கள் உண்டு என்கிறார்களே?

#7 · சுத்தியல்

விரல்விட்டு எண்ணலாம். ஹோரோவிட்ஸ் 1986இல் மாஸ்கோவுக்குத் தன் ஸ்டெய்ன்வேயோடு போனார். ஜிமெர்மன் பியானோவையோ, தானே சரிசெய்த கட்டை அமைப்பை மட்டுமோ எடுத்துச் செல்பவர். கட்டை அமைப்பைத் தனியாக உருவி இன்னொரு உடலில் பொருத்தலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் சுத்தியல் கம்பியில் சரியான புள்ளியில் படுகிறதா என்று முழுக்க ஒழுங்கு செய்ய வேண்டும். ஆபத்தும் உண்டு: 2020இல் ஆஞ்சலா ஹ்யூவிட்டின் ஃபாசியோலி, பெர்லினில் ஒலிப்பதிவு முடிந்து வெளியே எடுக்கும்போது கீழே விழுந்தது. வார்ப்பிரும்புச் சட்டமே உடைந்துவிட்டது. சட்டம் போனால் பியானோ போனதுதான்.

மற்ற எல்லாரும் கொண்டுபோகக்கூடியது இருக்கையின் உயரத்தை. தரையிலிருந்து உங்கள் இருக்கை எத்தனை செ.மீ. என்று அளந்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான மேடை இருக்கைகள் ஏறக்குறைய 48 முதல் 58 வரை ஏறி இறங்கும். க்ளென் கூல்டின் நாற்காலி 35 செ.மீ. சொச்சம், அதற்கு அவருடைய பிடிவாதமும் வேண்டும். பியானோவின் கால் சக்கரத்துக்கு அடியில் கிண்ணம் வைத்திருந்தால் கட்டை தரையிலிருந்து உயர்ந்திருக்கும், அந்த வித்தியாசத்தையும் சேர்க்க மறக்காதீர்கள்.

#8 · ஓரத்துஇருக்கை

போட்டி பற்றி. நேராகவே சொல்கிறேன்: போட்டியில் ஜெயிப்பது ஒன்று, ஜெயித்த பிறகு தாக்குப்பிடிப்பது இன்னொன்று.

வார்சாவின் ஷோபான் போட்டி 1927இல் தொடங்கியது, ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை, ஷோபான் மட்டுமே. பிரஸ்ஸல்ஸில் குயின் எலிசபெத் போட்டியின் இறுதிச் சுற்றுக்குத் தேறியவர்களை ஒரு வாரம் வெளித் தொடர்பு இல்லாமல் வைத்து, அச்சிலேயே வராத புதுக் கன்சர்ட்டோவைக் கற்கச் சொல்வார்கள். மாஸ்கோவின் சாய்காவ்ஸ்கியும் டெக்ஸஸின் வான் கிளைபர்னும் நாலாண்டுக்கு ஒன்று. லீட்ஸ் 1963 முதல்.

பரிசுப் பணம் பெரிதல்ல. பரிசோடு வரும் கச்சேரிகள்தான் பரிசு. அதுவே பொறியும்கூட. இரண்டு தனிக்கச்சேரி நிரலும் இரண்டு கன்சர்ட்டோவும் மட்டும் கையில் வைத்திருந்த 20 வயதுக்காரருக்குத் திடீரென்று ஒரு வருடம் நிறைய மேடை. போட்டி நிரலையே நாற்பது முறை வாசிக்க வேண்டும், புதிதாகக் கற்க நேரம் இல்லை. இரண்டாவது வருடம் அதே அமைப்பாளர்கள் "வேறென்ன வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்கும்போது கையில் ஒன்றும் இருக்காது. வான் கிளைபர்ன் 1958இல் 23 வயதில் மாஸ்கோவில் ஜெயித்த பிறகு உலகம் அவரிடம் கேட்டது அதே சாய்காவ்ஸ்கி, அதே ரஹ்மானினாஃப். 1978இல் மேடையை விட்டே விலகினார். பொலினி 1960இல் வார்சாவில் 18 வயதில் ஜெயித்தபின் கச்சேரிகளைக் குறைத்துக்கொண்டு படிக்கப் போனார். அவர் கடைசி வரை வாசித்ததற்கு அந்த முடிவுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

#9 · அரைமிதி

அப்படியென்றால் போட்டியே வேண்டாம் என்கிறீர்களா? ஏஜெண்ட் எவரும் பரிசில்லாத பெயரைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அதுவும் 1980 ஷோபான் போட்டியில் போகொரெலிச் மூன்றாவது சுற்றில் வெளியேற்றப்பட்டபோது, பியானிஸ்ட் அர்கெரிச் நடுவர் குழுவிலிருந்து விலகிய விவகாரமே போகொரெலிச்சை அந்த ஆண்டு ஜெயித்தவருக்கு இணையாகப் பேசவைத்தது. தோற்றாலும் மேடை மேடைதான்.

#10 · ஓரத்துஇருக்கை

அந்த ஒரு உதாரணத்தை வைத்துக்கொண்டு யாரும் தோற்கப் போக வேண்டாம். அப்படி வெளியேற்றப்பட்ட மற்றவர்களின் பெயர் உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

போட்டியே வேண்டாம் என்று சொல்லவில்லை. போட்டிக்கு விண்ணப்பிக்கும் அன்று, போட்டி நிரல் போக இன்னொரு முழுத் தனிக்கச்சேரியும் மூன்று கன்சர்ட்டோவும் தயாராக இருக்க வேண்டும் என்கிறேன்.

பரிசில்லாமல் வந்தவர்களும் உண்டு. கிஸின் போட்டிகளில் கலந்துகொண்டவரே இல்லை. 1984இல் 12 வயதில் இரண்டு ஷோபான் கன்சர்ட்டோக்களையும் ஒரே மாலையில் வாசித்தார். அது விதிவிலக்கு, நமக்குப் பாடமாகாது. பாடமாகக்கூடிய வழி ஒன்று இருக்கிறது: பதிலாள். 1963இல் கூல்ட் வர முடியாதபோது நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கில் பெர்ன்ஸ்டைனோடு லிஸ்ட்டின் முதல் கன்சர்ட்டோவை வாசித்தவர் 16 வயது ஆந்த்ரே வாட்ஸ். 1999இல் அதே வாட்ஸ் வர முடியாதபோது சிகாகோ சிம்ஃபனியோடு சாய்காவ்ஸ்கி வாசித்தவர் 17 வயது லாங் லாங். 2007இல் பாஸ்டனில் அர்கெரிச்சுக்குப் பதிலாக யூஜா வாங்.

இதை அதிர்ஷ்டம் என்று ஒதுக்காதீர்கள். காலையில் தொலைபேசி வந்தால் மறுநாள் ஒத்திகைக்கு நிற்க வேண்டும். அப்படிக் கூப்பிட்டுக் கேட்கப்படுவது எப்போதும் அதே பத்துப் பன்னிரண்டு கன்சர்ட்டோதான்: சாய்காவ்ஸ்கி 1, ரஹ்மானினாஃப் 2, கிரீக், ஷூமன், பீத்தோவன் 3, 4, 5, ராவெல் ஜி மேஜர், மொத்சார்ட்டில் டி மைனரும் சி மைனரும். இதில் நாலையாவது இரண்டு நாள் அவகாசத்தில் மேடையேறும் நிலையில் எப்போதும் வைத்திருங்கள், பட்டியலில் அப்படியே குறிப்பிடுங்கள். பாஸ்போர்ட்டும் விசாவும் காலாவதியாகாமல் இருப்பதும் இதே தயாரிப்பில் சேர்த்தி.

#11 · கணக்குப்பிள்ளை

காசு பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, நானே ஆரம்பிக்கிறேன்.

சம்பளம் 100 என்று வைத்துக்கொள்வோம். ஏஜெண்ட் கமிஷன் பெரும்பாலும் 15-20, அதுவும் மொத்தத் தொகையின் மேல், செலவு போக மிஞ்சுவதன் மேல் இல்லை. வெளிநாட்டுக் கலைஞர் என்றால் வரி பிடித்தம்: அமெரிக்காவில் வழக்கமான விகிதம் 30 சதவீதம், பிரிட்டனில் 20. இதுவும் மொத்தத்தின் மேல். ஒப்பந்தத்தில் 'எல்லாம் உட்பட' என்று இருந்தால் விமானம், அறை, சாப்பாடு உங்கள் தலையில். இவை 15-20 என்றால், கையில் அன்று வருவது 30-50. பிடித்த வரியைச் சொந்த நாட்டுக் கணக்கில் கழித்துக்கொள்ள வழி உண்டு, அதற்கு அமைப்பாளரிடமிருந்து பிடித்தச் சான்றிதழ் வேண்டும். கச்சேரி முடிந்த இரவே கேளுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் அந்த அலுவலகத்தில் ஆளே மாறியிருப்பார்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டிய வரிகள்: வாசிக்காவிட்டால் சம்பளம் இல்லை என்பது சாதாரணம், ஆனால் அமைப்பாளர் ரத்து செய்தால் என்ன? எத்தனை நாளுக்குள் ரத்தானால் எத்தனை சதவீதம்? ஒலிபரப்பும் இணைய ஒளிபரப்பும் தனிக் கட்டணமா, அதே 100க்குள்ளா? அன்று மாலை வரை பயிற்சிக்கு அறையும் பியானோவும் தருகிறார்களா? எத்தனை மணி நேரம் மேடை பியானோவில் உட்காரலாம்? கடைசி இரண்டையும் எழுத்தில் வாங்காவிட்டால், மேடையில் விளக்குக்காரர்கள் ஏணி போட்டுக்கொண்டிருக்க நீங்கள் ஓரத்தில் நிற்பீர்கள்.

இசைத்தட்டு வருமானம் என்று எதையும் எழுதாதீர்கள். பல சமயம் பதிவுச் செலவைக் கலைஞரே திரட்டுகிறார். அது விசிட்டிங் கார்டு.

நிலையான வருமானம் கற்பிப்பதில்தான். கன்சர்வட்டரியில் பதவி வைத்திருப்பதை இரண்டாம் தரமாகப் பேசுவது அறியாமை. நியூஹாஸ் ரிக்டருக்கும் கிலெல்ஸுக்கும் ஆசிரியர், தானும் மேடையில் வாசித்தவர்.

#12 · இடதுகை

கை போனால் மேலே பேசிய எல்லாம் வீண். அதனால் கொஞ்சம் விரிவாக.

களைப்பு வேறு, வலி வேறு. முன்கையில் பரவலாகக் கனத்து, பத்து நிமிட ஓய்வில் போவது களைப்பு. ஒரு விரலால் சுட்டிக்காட்டக்கூடிய இடத்தில் வலித்து, மறுநாள் காலையிலும் இருந்தால் அது தசைநாரின் புகார். அன்றே நிறுத்தி, கைகளைப் பார்த்துப் பழகிய மருத்துவரிடம் போக வேண்டும். "வலியைத் தாண்டி வாசி" என்று சொல்பவர் ஆசிரியர் இல்லை.

காயம் வரும் வேளை பெரும்பாலும் ஒன்றுதான்: இரண்டு வாரம் விடுமுறை, திரும்பி வந்ததும் முதல் நாளே ஐந்து மணி நேரம் ஆக்டேவ். அல்லது லேசான பியானோவில் பழகிவிட்டு, கனமான பியானோவில் கச்சேரிக்கு முன் மூன்று நாள் வெறித்தனமான பயிற்சி. 45-50 நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்திருங்கள். ஆக்டேவ், பெரிய நாண் தொடர்கள் ஒரு தடவைக்கு 10-15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம்; நடுவே ஸ்கேலோ பாக் இசையோ வாசித்துக் கை மாற்றுங்கள்.

இன்னொன்று வலிக்கவே வலிக்காது. மோதிர விரலும் சுண்டு விரலும் தானாக உள்ளே சுருளும், வாசிக்கும்போது மட்டும். பியானிஸ்ட் அதைப் பயிற்சிக் குறைவு என்று நினைத்து இன்னும் அதிகம் பயிற்சி செய்வார், இன்னும் மோசமாகும். இது டிஸ்டோனியா, கோளாறு கையில் இல்லை, விரல்களைத் தனித்தனியாக ஆளும் மூளையின் வரைபடத்தில். லியோன் ஃப்ளைஷர் 1960களின் நடுவில் வலது கையின் அந்த இரண்டு விரல்களை இப்படித்தான் இழந்தார். முப்பது ஆண்டுகள் இடது கைக்கான படைப்புகள், கண்டக்டர் பணி, ஆசிரியர் பணி; 1990களில் போடாக்ஸ் ஊசியின் உதவியோடு இரண்டு கைக்குத் திரும்பினார். அவர் வாசிக்க இடது கைக் கன்சர்ட்டோக்கள் பல இருந்தது முதல் உலகப் போரில் வலது கையை இழந்த பியானிஸ்ட் பால் விட்கென்ஸ்டைனால்தான். விட்கென்ஸ்டைன் கேட்டதால் பிறந்ததுதான் ராவெலின் இடது கைக் கன்சர்ட்டோ, முதல் அரங்கேற்றம் வியன்னாவில் 1932.

கை அளவு. ஆக்டேவின் அகலம் சுமார் 16.5 செ.மீ. சின்னக் கைக்காரர் ரஹ்மானினாஃப் 2இன் தொடக்க நாண்களை உருட்டித்தான் ஆக வேண்டும். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை, பாஸ் சுரத்தைத் தாளத்தின் மேல் வைப்பதா அதற்கு முன்பா என்பதை மட்டும் முடிவு செய்து, எல்லா நாணிலும் ஒரே மாதிரி செய்யுங்கள். கை விரியும் அளவைத் தாண்டிய படைப்பைப் பட்டியலில் போடாமல் இருப்பதும் தொழில் அறிவுதான். அலிசியா டி லரோச்சா சின்னக் கையோடு உலகை வென்றார். ஹோஃப்மனுக்கு ஸ்டெய்ன்வே குறுகிய கட்டைகள் செய்துகொடுத்தது.

மேடை நடுக்கத்துக்கு ப்ரொப்ரனலால் மாத்திரை பற்றித் தனிச் செய்தியில் கேட்டவருக்கு இங்கேயே பதில்: மருத்துவர் எழுதிக்கொடுக்காமல் தொடாதீர்கள், ஆஸ்துமா இருந்தால் ஆபத்து. கொடுத்தாலும் முதல் முறை கச்சேரி நாளில் வேண்டாம். நடுக்கத்தை நிறுத்தும், படிக்காத பத்தியைப் படித்ததாக்காது.

#13 · கறுப்புக்கட்டை

ஆர்கெஸ்ட்ரா ஒத்திகை பற்றிக் கொஞ்சம். கன்சர்ட்டோவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு ஒத்திகை, பிறகு அரங்க ஒத்திகை. அதற்கு முன் கண்டக்டரோடு ஒரு அறையில் 20-30 நிமிடம். அந்த நேரத்தில் முழுசும் வாசித்துக் காட்டுவது விரயம். உடையும் மூட்டுகளை மட்டும் பேசுங்கள். பீத்தோவன் 4 பியானோ தனியாகத் தொடங்கும். உங்கள் வேகத்தை வைத்துத்தான் ஆர்கெஸ்ட்ரா பி மேஜரில் நுழையும், அந்த வேகத்தைச் சொல்லுங்கள். ஷூமன் கடைசி மூவ்மெண்டில் மூன்றாகப் போவது இரண்டாகக் கேட்கும் அந்தப் பத்தியில் கண்டக்டர் எப்படி அடிக்கப்போகிறார் என்று கேளுங்கள். பிசகுவதென்றால் அங்கேதான் பிசகும். மொத்சார்ட் டி மைனருக்கு அவர் எழுதிய கடென்ஸா (ஆர்கெஸ்ட்ரா நிற்க, பியானோ தனியாக வாசிக்கும் பத்தி) இல்லை, பலர் பீத்தோவனுடையதை வாசிக்கிறார்கள். நீங்கள் எதை வாசிக்கிறீர்கள், முடிவில் ட்ரில் (இரண்டு சுரங்களை மாற்றி மாற்றி வேகமாக வாசிப்பது) எத்தனை நீளம் என்பது வயலின்களுக்குத் தெரிய வேண்டும்.

ஒத்திகையில் தப்பு சுரம் விழுந்தால் நிறுத்தாதீர்கள். நூறு பேர் நேரம் அது.

#14 · மெட்ரோனோம்

கச்சேரி நடுவில் கம்பி அறுந்தால்?

#15 · சுத்தியல்

நடு, மேல் பகுதிகளில் ஒரு சுரத்துக்கு மூன்று கம்பி. ஒன்று அறுந்தால் மற்ற இரண்டு ஒலிக்கும், சுரம் மெலியும், வாசிக்கலாம். பிரச்சினை அறுந்த துண்டு பக்கத்துக் கம்பிகள் மேல் கிடந்து இரையும்போது. மூவ்மெண்ட் முடிந்ததும் நீங்களே கையை விட்டு இழுக்காதீர்கள். முனை கிழிக்கும், கம்பியில் வியர்வைக் கை பட்டால் துருவும் பிடிக்கும். ஓரத்தைப் பார்த்துத் தலையசையுங்கள், டெக்னீஷியன் வந்து ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுவார். புதுக் கம்பி அன்றைக்கே போட்டாலும் தொடர்ந்து சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும், ஆகவே இடைவேளையில் போடச் சொல்லிக் கேட்காதீர்கள். தாமிரம் சுற்றிய கீழ்க் கம்பி, சுரத்துக்கு ஒன்றே இருக்கும் பகுதியில் அறுந்தால் மட்டும் அந்தச் சுரம் இல்லை. ஆக்டேவ் மேலே வாசித்துக் கடந்துபோக வேண்டியதுதான்.

#16 · அரைமிதி

கடைசியாக ஒன்று. ரஹ்மானினாஃப் 3 முடித்த கையோடு என்கோர் (கைதட்டலுக்குப் பிறகு கூடுதலாக வாசிப்பது) என்ன வாசிப்பது? கை நடுங்கிக்கொண்டிருக்குமே.

#17 · கறுப்புக்கட்டை

மூன்று நிமிடத்துக்குள், மெதுவானது, பெரிய நாண் இல்லாதது. கன்சர்ட்டோ டி மேஜரில் முடிந்திருக்கிறது, காதில் அந்த சுருதி இன்னும் நிற்கும். உடனே அரைச்சுரம் தள்ளிய சுருதியில் தொடங்கினால் பியானோவே கலைந்ததுபோல் கேட்கும். டி மைனரோ ஜி மேஜரோ பி மைனரோ பாருங்கள். இரண்டாவது என்கோரைக் கண்டக்டரிடமும் கன்சர்ட் மாஸ்டரிடமும் (முதல் வயலின்களின் தலைவர்) முன்கூட்டியே சொல்லாமல் வாசிக்காதீர்கள். வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆர்கெஸ்ட்ரா முழுக்க இடைவேளைக்குக் காத்திருக்கிறது.